மூன்றாம் வகுப்புக்கு உலக மொழிகள்: எங்கிருந்து தொடங்குவது?

கோத்தகிரி டீச்சர் | ஞாயிறு இரவு 8.50

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய தொடக்கப் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து எடுக்கிறேன். மூன்றிலும் சேர்த்து 26 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி பீரியடை, நாற்பது நிமிஷம், உலக மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பாடநூல் கிடையாது, தேர்வும் கிடையாது. இப்படி ஒரு சுதந்திரம் கிடைப்பது அபூர்வம், அதனாலேயே பயமாகவும் இருக்கிறது.

இதற்கு முன் வேறொரு பள்ளியில் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு நாடு. ஜப்பான் மாதத்தில் காகித விசிறி மடித்தோம், கிமோனோ படத்துக்கு வண்ணம் தீட்டினோம், 'கொன்னிச்சிவா' சொல்லிப் பழகினோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். மூன்று வாரம் கழித்து ஒரு பையனிடம் ஜப்பானைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். "அங்க எல்லாரும் கையில விசிறி வச்சிருப்பாங்க டீச்சர்" என்றான். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே அவன் திருப்பிச் சொன்னான்.

ஒரு மொழியை எடுத்து ஆண்டு முழுக்கக் கற்றுக்கொடுக்கலாமா, இல்லை பல மொழிகளைத் தொட்டுக் காட்டலாமா? இன்னொரு ஊர் மக்களின் வாழ்க்கையை அந்த விசிறி மாதிரி ஆக்கிவிடாமல் எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

குன்னூர் அப்பா | ஞாயிறு இரவு 10.15

டீச்சர், நல்ல முயற்சி. என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், அதனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரே மொழி எடுங்கள். பிரெஞ்சோ ஜெர்மனோ ஜப்பானியமோ, எதுவானாலும் முறையாக எடுங்கள். சின்ன வயதில் நாக்கு வளையும், பத்து வயது தாண்டினால் கஷ்டம். இங்கிலாந்தில் 2014 முதல் 7 வயதிலிருந்தே பள்ளியில் இன்னொரு மொழி கட்டாயம். ஜப்பானில் 2020 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கொடைக்கானலில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று 1901-லேயே பள்ளி வந்துவிட்டது. இன்று அங்கேயும் ஊட்டியிலும் பெரிய கட்டணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு ஐரோப்பிய மொழி கிடைக்கிறது. அதே மலையில் கொழுந்து பறிக்கிறவர் பிள்ளைக்கு 'தொட்டுக் காட்டுதல்' மட்டும் போதுமா? அந்த வார்த்தை எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தொட்டுக் காட்டினது எதுவும் வேலைக்கு உதவாது.

மொழியியல் மாணவன் | திங்கள் காலை 6.40

குன்னூர் அண்ணா கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 36 வெள்ளிக்கிழமை கிடைத்தாலும், நாற்பது நிமிஷம் வீதம் மொத்தம் 24 மணி நேரம். ஒரே ஒரு முழுநாள். அதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் பிரெஞ்சு பேசிவிடாது. 'எனக்கு மொழி வராது' என்ற எண்ணத்தோடு வெளியே வந்துவிடும், அதுதான் எனக்குப் பயம்.

நாக்கு வளைவதைப் பற்றியும் சொல்கிறேன். 1984-ல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஹிந்தியின் இரண்டு 'த', 'ட' ஒலிகளை ஆறேழு மாதக் குழந்தைகள் வேறுபடுத்திக் கேட்டன. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிட்டது. அப்படிப் பார்த்தால் மூன்றாம் வகுப்பே 'தாமதம்'தான். உச்சரிப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் இருப்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அது கிடைக்க நாள் முழுக்க அந்த மொழி காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் படிக்கிற இடங்களில் பெரிய பிள்ளைகளே முந்துகிறார்கள். பார்சிலோனாவில் எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் பதினொன்றில் தொடங்கியவர்களையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். ஒரே அளவு மணி நேரம் படித்த பிறகு பதினொன்றில் தொடங்கியவர்களே முன்னால் இருந்தார்கள்.

ஜப்பானிலும் மூன்று, நான்காம் வகுப்பில் அது ஆண்டுக்கு 35 பீரியட்தான். 'செயல்பாடு' என்று வைத்திருக்கிறார்கள், மதிப்பெண் கிடையாது. பாடமாவது ஐந்தாம் வகுப்பிலிருந்துதான்.

டீச்சர் கேட்பதற்கு வேறொரு வழி உண்டு. எரிக் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1980-களில் 'மொழி விழிப்பு' என்று ஒன்றைப் பேசினார். எந்த ஒரு மொழியையும் கற்றுத்தருவதற்கு முன்னால், மொழி என்றால் என்ன, அது எப்படி மாறுகிறது, என் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை பேசுவது என்ன என்று பிள்ளையின் காதைத் திறப்பது. 1997-லிருந்து 2001 வரை பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் இதே எண்ணத்தில் 'எவ்லாங்' என்ற திட்டம் நடந்தது. வகுப்பில் குடியேறியவர் பிள்ளைகள் பேசும் மொழிகளும் அதில் பாடப்பொருள்.

அதனால் டீச்சரிடம் முதல் கேள்வி: உங்கள் 26 பிள்ளைகள் வீட்டில் எத்தனை மொழி பேசுகிறார்கள்?

கோத்தகிரி டீச்சர் | திங்கள் இரவு 9.05

தம்பி, இந்தக் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை என்பதே எனக்கு ஒரு பாடம். இன்று காலை வருகை எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டேன். தமிழ் 13. படகு (படகர் மக்களின் மொழி) 8. இருளர் மொழி 2. மலையாளம் 1. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வரும் அண்ணன் தங்கை இருவர், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம், 'ஹிந்தி' என்றார்கள்.

நான்கு வருஷமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

கூடலூர் ஓய்வு வாத்தியார் | செவ்வாய் காலை 5.30

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-ல் வந்தது, எங்கள் குடும்பத்தின் முறை எழுபதுகளில் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து நீலகிரி. அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. எனக்கு வயது ஒன்பது. சேர்த்த பள்ளியின் பெயர் வேண்டாம்.

முதல் நாள் வாத்தியார் "காலையில என்னடா குடிச்ச?" என்றார். "தேத்தண்ணி சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. இங்கே டீ என்பார்கள், எங்கள் ஊரில் தேத்தண்ணி. அன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு முடியும் வரை என் பெயரே அதுதான். சிங்களமும் எனக்கு நன்றாக வரும். எகய், தெகய், துனய், ஹதரய் என்று நூறு வரை எண்ணுவேன். லைன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிப் படித்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று பயம். பேசாமலே இருந்து இருந்து, முப்பது வயதில் எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல் போகவில்லை.

பின்னாளில் முப்பத்து நான்கு வருஷம் வாத்தியாராக இருந்தேன். கூடலூர்ப் பக்கம் பணியர், பெட்ட குறும்பர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள். மலையாளம் பேசும் பிள்ளைகள் பாதி வகுப்பு. என் வகுப்பில் யாருடைய சொல்லுக்கும் யாரும் சிரிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். ஆனால் அந்தச் சொற்களைப் பலகையில் எழுதிப் பாடமாக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டேன். இப்போது நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நீங்கள் அதைச் செய்யுங்கள் அம்மா.

தேயிலையிலிருந்தே தொடங்குங்களேன். உங்கள் பள்ளி ஜன்னலைத் திறந்தால் அதுதானே தெரியும்.

மொழியியல் மாணவன் | செவ்வாய் காலை 7.10

ஐயா, உங்கள் 'தேத்தண்ணி' ஒன்றே ஒரு மாதத்துக்கான பாடம். உலகத்தில் அந்தப் பானத்துக்குப் பெரும்பாலும் இரண்டே பெயர்க் குடும்பங்கள், இரண்டும் சீனாவிலிருந்து கிளம்பியவை. ஃபூஜியன் துறைமுகங்களில் அதை 'தே' என்றார்கள். டச்சுக்காரர்கள் அங்கிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதால் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஆங்கிலம் எல்லாவற்றிலும் 'தே', 'டே', 'டீ'. மலாயிலும் 'தே'தான். சீனாவின் பிற பகுதிகளில் 'சா'. அது தரைவழியாகப் பாரசீகம் போய் 'சாய்' ஆனது. ஹிந்தி, துருக்கி, ரஷ்யன், கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி எல்லாம் 'சாய்'. அரபியில் 'ஷாய்'. ஜப்பானியத்தில் 'சா'. போர்ச்சுகீசியர் மட்டும் கடல்வழியாக வந்தும் 'ஷா' என்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் வாங்கியது 'சா' என்று சொல்கிற சீனத் துறைமுகமான மக்காவில்.

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் 'டீ', பக்கத்துக் கடையில் 'சாயா'. கடல்வழியும் தரைவழியும் அங்கே பத்தடி தூரத்தில் இருக்கின்றன.

மந்து பேரன் | செவ்வாய் இரவு 11.20

நான் தோடர். ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் மந்து, அதாவது எங்கள் குடியிருப்பு. மொழிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது. பண்பாடு என்ற பகுதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் 'தோடர் நடனம்' வைத்தார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக பெயிண்ட் அடித்து அதைப் பூத்துக்குளி, அதாவது நாங்கள் போர்த்திக்கொள்ளும் பூ வேலைப் போர்வை, என்றார்கள். என் பாட்டி ஒரு பூத்துக்குளிக்குப் பூ வேலை செய்ய வாரக்கணக்கில் உட்காருவாள். நூலை எண்ணி எண்ணித்தான் ஊசி போடுவாள், துணியில் முன்கூட்டி எதுவும் வரைந்துகொள்ள மாட்டாள். (அந்தப் பூ வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) ஒலிபெருக்கியில் போட்ட பாட்டு எங்கள் பாட்டே இல்லை. வகுப்பில் ஒரே தோடப் பையன் நான்தான் என்பதால் என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். மேடையில் ஒரு மீசைக்காரப் பையனுக்கு முன்னால் நான் குனிய வேண்டும், அவன் என் நெற்றியில் காலை வைக்க வேண்டும். பார்வையாளர்கள் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் நான் பாட்டி முன்னால் குனிவேன், அவள் பாதத்தை என் நெற்றியில் தொட்டு வாழ்த்துவாள். இன்றைக்கும் லீவுக்குப் போனால் அதுதான் நடக்கும். அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் கிடையாது. அன்று பாட்டியும் விழாவுக்கு வந்திருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பள்ளிக்காரர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஒருவரும் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டீச்சர், நீங்கள் நியூசிலாந்து மாவோரி மக்கள் மூக்கோடு மூக்கு வைத்து வணங்குவதைச் சொல்லித்தரலாம். தாய்லாந்தில் கை கூப்புவதைச் சொல்லித்தரலாம். ஆனால் பிள்ளைகளை நடிக்கச் சொல்லாதீர்கள். யார், யாருக்கு, எப்போது அதைச் செய்வார்கள், அப்போது மனசில் என்ன இருக்கும் என்று கேட்க வையுங்கள். அந்த மக்களில் ஒருவர் வகுப்பிலேயே இருந்தால், முதலில் தனியாக அவரிடமும் அவர் வீட்டிலும் கேளுங்கள்.

எங்கள் மக்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான். எங்கள் மொழியில் மூன்று விதமான உருளும் 'ர' உண்டு. அந்த மூன்றையும் மென்மையாகச் சொன்னால் இன்னும் மூன்று. உலகத்தில் அப்படி வேறு மொழி கிடைப்பது அரிது என்று மொழியியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். என் அக்கா பையனுக்கு அதில் இரண்டுதான் வருகிறது.

மொழியியல் மாணவன் | செவ்வாய் இரவு 11.55

அண்ணா, அதை எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொல்லும் 'ர'க்களைப் பற்றி எமனோ என்ற மொழியியலார் 1930-களில் நீலகிரியில் தங்கி எழுதிவைத்ததைத்தான் நாங்கள் வகுப்பில் படிக்கிறோம். அவருடைய தோட இலக்கணம் வந்தது 1984-ல். அதைப் படித்தும் எனக்கு அந்த ஆறில் ஒன்றுகூடச் சரியாக வராது.

மாவோரி பற்றிச் சொன்னதால் ஒன்று. அவர்கள் மொழியும் பிள்ளைகள் வாயிலிருந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், 1982-ல் 'மொழிக்கூடு' என்ற பெயரில் மழலைப் பள்ளி தொடங்கினார்கள். பாட்டிமார்களும் தாத்தாக்களும்தான் அங்கே ஆசிரியர்கள், நாள் முழுக்க மாவோரியில் மட்டும் பேச்சு. ஹவாய்க்காரர்கள் அதைப் பார்த்து 1984-ல் தங்களுக்கும் ஒன்று தொடங்கினார்கள். நீலகிரியின் மழலையர் பள்ளிகளில் பாட்டிமார் உட்காருவதை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பேன்.

ஹட்டிப் பெண் | புதன் மாலை 6.30

பி.எட். படிக்கிறேன், ஊர் ஒரு ஹட்டி, படகர் கிராமம். டீச்சர், உங்கள் வகுப்பில் எட்டு படகப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றீர்களே, அவர்களை வைத்து ஒரு விளையாட்டு சொல்கிறேன்.

தமிழில் பால், படகில் ஹாலு. தமிழில் பத்து, படகில் ஹத்து. பட்டி என்பது ஹட்டி. ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் படகுச் சொல் எழுதிவிட்டு 'என்ன மாறியிருக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் மூன்றாவது சொல்லிலேயே ஒரு தமிழ்ப் பையன் கையைத் தூக்கி, "ப வந்தா ஹ போடணும் மிஸ்" என்றான். பிறகு அவனே எல்லாச் சொல்லையும் மாற்றிப் பார்த்தான். சில பொருந்தின, சில பொருந்தவில்லை. பொருந்தாதபோது படகப் பிள்ளைகள் "அப்படி இல்லடா" என்று சரியான சொல்லைக் கொடுத்தார்கள். அந்த அரை மணி நேரம் அவர்கள்தான் ஆசிரியர்கள்.

என் சின்ன வயதில் பள்ளியில் படகு பேசினால் 'தமிழ்ல பேசு' என்பார்கள். வீட்டில் ஹெத்தெ என்று பாட்டியைக் கூப்பிட்டுப் பழகிவிட்டு, பள்ளியில் வாய் தவறி வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறேன்.

மொழியியல் மாணவன் | புதன் மாலை 6.50

இந்த ப–ஹ மாற்றம் கன்னடத்திலும் நடந்தது. ஜப்பானியத்திலும் நடந்திருக்கிறது! அம்மாவுக்கு அவர்கள் சொல்லும் 'ஹஹா' ஒரு காலத்தில் 'பபா' என்று ஒலித்தது என்பது மொழியியலார் முடிவு. டீச்சர், உங்கள் விசிறிப் பையனுக்கு இதை ஜப்பானைப் பற்றிய இரண்டாவது பாடமாக அனுப்பலாம்.

வட்டக்கானல் அம்மா | வியாழன் காலை 10.00

பழனி மலையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. எங்கள் வட்டக்கானலுக்கு இஸ்ரேல்காரர்கள் நிறைய வருவார்கள், கடைகளில் எபிரேய எழுத்தில் பலகை இருக்கும். என் மகன் எழுதப் படிக்கத் தொடங்கிய புதிதில், "இவங்க ஏம்மா திருப்பி எழுதுறாங்க?" என்று கேட்டான். கடைக்கு வந்த ஒரு பெண்மணி உட்கார்ந்து அவன் பெயரை வலமிருந்து இடமாக எழுதிக் காட்டினார். அவன் அவர் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தான். அவர் அந்தத் தாளை பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். பாடம் என்று யாரும் வைக்கவில்லை, பத்து நிமிஷம்தான். இப்போது அவனுக்குப் பதினான்கு வயது, உருது பலகையைப் பார்த்தால் எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று தெரியும்.

கோத்தகிரி டீச்சர் | வெள்ளி இரவு 9.30

முதல் வெள்ளி முடிந்தது. தேயிலைதான்.

ஆளுக்கு ஒரு டம்ளர் கட்டன் டீ, சத்துணவு அம்மா போட்டுக் கொடுத்தார். குடித்துக்கொண்டே 'உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?' என்று கேட்டேன். மலையாளப் பிள்ளை சாயா என்றாள். ஜார்க்கண்டுப் பையன் சாய் என்றான். 'கூடலூரில் ஒரு தாத்தா இருக்கிறார், அவர் தேத்தண்ணி என்பார்' என்றதும் "அழகா இருக்கு டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. ஐயா, உங்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு தரையில் சாக்பீஸால் பெரிய வரைபடம். சீனாவில் ஒருத்தியை நிறுத்தி இரண்டு நூல்கண்டு கொடுத்தோம், சிவப்பு நூல் கடல்வழி, பச்சை நூல் தரைவழி. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர்ச் சொல்லைச் சொல்ல வேண்டும். போர்ச்சுகலுக்குப் பச்சைச் சொல் கடலில் போகிறது என்றபோது சிவப்பு நூல்காரர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை, பெரிய சண்டை. மக்காவைக் காட்டித் தீர்த்து வைத்தேன். சீனக் கைதிகளை வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் நம் நீலகிரியிலேயே, நடுவட்டத்தில் அடைத்து வைத்திருந்தார்கள் என்றதும் ஐந்தாம் வகுப்புக்காரன் ஒருவன், "அவங்க டீயை என்ன டீச்சர் சொல்லியிருப்பாங்க, தேயா, சாவா?" என்றான். எந்தத் துறைமுகத்துக்காரர்கள் என்பதைப் பொறுத்தது என்று அவனே சொல்லிக்கொண்டான்.

ஒரு குறை. ஜார்க்கண்டுப் பிள்ளைகளில் தங்கை, மூன்றாம் வகுப்பு, வாயே திறக்கவில்லை. நூலை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மொழியியல் மாணவன் | வெள்ளி இரவு 10.05

டீச்சர், அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது உண்மையிலேயே ஹிந்திதானா? ஜார்க்கண்டிலிருந்து வருபவர்கள் சாத்ரி, சந்தாலி, முண்டாரி, குடுக் எதையும் பேசலாம். வெளி ஆள் கேட்டால் 'ஹிந்தி' என்று சொல்லிப் பழகியிருப்பார்கள். நம் ஆட்களும் அவர்களை 'ஹிந்திக்காரங்க' என்றுதானே சொல்கிறோம்.

வீட்டில் கண்ணுக்கும் பல்லுக்கும் என்ன சொல் என்று கேட்டுப் பாருங்கள். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

கோத்தகிரி டீச்சர் | புதன் இரவு 9.45

மந்து பேரன் தம்பி எழுதியது மனதில் இருந்ததால் வகுப்பில் கேட்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், எனக்கு ஹிந்தி கொஞ்சம்கூட வராது. என் கண்ணைத் தொட்டுக் காட்டி, வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். 'ஆங்க்' என்றார். அது ஹிந்தி. இல்லை, உங்கள் அம்மா என்ன சொல்வார் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தொண்டையிலிருந்து ஒரு 'ஃக' வைத்து 'ஃகன்' என்றார். பல்லைத் தொட்டேன். 'பல்' என்றார்.

நான் தப்பாகக் கேட்டேனா என்று மறுபடி கேட்டேன். பல்!

எண்ணச் சொன்னேன். ஒண்டா, ஏண்ட், மூந்த், நாஃக். ஐந்திலிருந்து ஹிந்திச் சாயல் வந்துவிட்டது. அதற்குள் தங்கைக்காரி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து அம்மாவோடு சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டாள். மொழியின் பெயர் குடுக் என்றார். வகுப்பில் இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். மகளிடம் கேளுங்கள் என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

தம்பி, இப்போதாவது சொல்லுங்கள். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருக்கிறது.

மொழியியல் மாணவன் | புதன் இரவு 10.00

குடுக் திராவிட மொழி டீச்சர். ஓராவோன் மக்களின் மொழி, 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் பேசுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இத்தனை நூறு மைல் இருந்தும் கண்ணும் பல்லும் மூன்றும் நான்கும் அப்படியே இருக்கின்றன. 'நீ' என்பதற்கு அவர்கள் 'நீன்' என்பார்கள். பாகிஸ்தானில் பலுசிஸ்தான் பக்கம் பேசும் பிராகுயியும் இதே குடும்பம்தான். முண்டாரியும் சந்தாலியும் வேறு குடும்பம், அவற்றின் உறவு கம்போடியா, வியட்நாம் பக்கம்.

இதை நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீங்கள் பாடமாகக் கொண்டுபோயிருப்பீர்கள். அந்த அம்மா வாயிலிருந்து வர வேண்டும் என்று நினைத்தேன்.

கூடலூர் ஓய்வு வாத்தியார் | புதன் இரவு 10.20

அம்மா, நாளைக் காலை எழுதுகிறேன். இப்போது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

கோத்தகிரி டீச்சர் | வெள்ளி இரவு 8.40

இன்று நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன், தலை நிறைய இருக்கிறது.

பலகையில் ஐந்து பத்திகள் போட்டோம்: தமிழ், படகு, இருளர் மொழி, மலையாளம், குடுக். ஒன்றிலிருந்து நான்கு வரை, பிறகு கண், பல், பால். அந்தந்தப் பிள்ளையே வந்து சொன்னது, நான் எழுதினேன். தங்கைக்காரி 'பல்' என்றபோது வகுப்பு ஒரு கணம் அமைதியானது. பிறகு ஒரே கூச்சல். "டீச்சர், அவ தமிழ் சொல்றா!" என்றான் ஒருவன். அதற்கு அவள் அண்ணன், இரண்டு வருஷத்தில் முதல்முறையாக வகுப்பில் சத்தமாகப் பேசினான்: "நீங்கதான் எங்க வார்த்தையைச் சொல்றீங்க."

அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? "ரெண்டும் சரிதான்" என்றேன்.

'ஃகன்' சொல்லத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் வராந்தாவில் எல்லோரும் காறிக் காறிப் பழகிக்கொண்டிருந்தார்கள், தலைமையாசிரியை யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து ஓடிவந்தார்.

குன்னூர் அப்பா | சனி காலை 7.30

டீச்சர், முழு இழையையும் மறுபடி படித்தேன். பிரெஞ்சு பற்றிய என் கருத்து முழுசாக மாறவில்லை. ஆறாம் வகுப்பிலாவது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு வேண்டும் என்று இன்னும் நம்புகிறேன், அதற்காகக் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனால் 'தொட்டுக் காட்டுதல்' என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் மகளிடம் அந்தப் பல் கதையைச் சொன்னேன். அவள் வகுப்பில் அசாமிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருக்கிறாளாம். திங்கட்கிழமை கேட்கப் போகிறாள். முதலில் தனியாகக் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

மந்து பேரன் | சனி காலை 9.15

டீச்சர், பாட்டியிடம் உங்கள் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பூ வேலை பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைகள் வரட்டும், ஆனால் போட்டோ வேண்டாம், நூலை எண்ணத் தெரிந்த பிள்ளையாக வரட்டும் என்கிறாள். தை கழிந்த பிறகு வசதி. பஸ் பற்றித் தனிச்செய்தியில் எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் ஊட்டிக்காரி | சனி மதியம் 1.40

எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் எழுதத் தோன்றியது. எங்கள் குடும்பத்துக்குக் கேத்திப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்தது. இங்கே என் பையன் நான்கு வயதில் டச்சுப் பள்ளிக்குப் போனான். அவன் முதலில் கொண்டுவந்த டச்சுச் சொற்களில் ஒன்று 'ஆர்தாப்பல்', உருளைக்கிழங்கு. பிரித்தால் மண் ஆப்பிள். பிரெஞ்சிலும் பாரசீகத்திலும்கூட அதே பொருள்தான். செடி பிறந்த ஆண்டீஸ் மலையில் கெச்சுவா மக்கள் சொல்வது 'பாப்பா'. பெரு மலைக்காரர்கள், கேத்தி மலைக்காரர்கள், இந்தத் தட்டைநிலத்துக்காரர்கள் மூவரும் ஒரே கிழங்கைத் தோண்டுகிறோம்.

இங்கே தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் ஆங்கிலம் 1986-லிருந்து கட்டாயம். ஆனால் என் பையனின் தமிழைப் பற்றி வகுப்பில் முதன்முதலில் கேட்ட ஆசிரியை அவன் மூன்றாம் ஆண்டில்தான் வந்தார். அன்றைக்கு அவன் வீட்டுக்கு நடந்துவந்த நடையே வேறு.

டீச்சர், உங்கள் வெள்ளி மத்தியானம் மூன்று மணி என்றால் குளிர்காலத்தில் எங்களுக்குக் காலை பத்தரை. அவன் ஆசிரியையிடம் பேசிவிட்டேன். வீடியோ அழைப்பில் இரண்டு வகுப்பும் ஆளுக்கொரு உருளைக்கிழங்கோடு உட்காரலாமா?

கோத்தகிரி டீச்சர் | சனி இரவு 8.15

கட்டாயம் உட்காரலாம் அக்கா. பள்ளிக்குள் சிக்னல் வராது, மேட்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நன்றாக வரும். மழை இல்லாவிட்டால் அங்கேயே பாய் விரித்துவிடுவோம்.

பிள்ளைகளிடம் கேள்விகள் எழுதச் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு இருவர் இப்போதே கொடுத்துவிட்டார்கள், உங்கள் பையனிடம் சொல்லிவையுங்கள். ஒன்று: அங்கே மலையே இல்லாவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? இரண்டு: உருளைக்கிழங்கு தோண்டும் நாளில் உங்களுக்கும் பள்ளி லீவு விடுவார்களா?